செமஸ்டரும் கெடாமல், சைட்டும் நிற்காமல்: சேலத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்குத் தன்னார்வ இணையதள வேலை பற்றிய முழு வழிகாட்டி

கருப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற ஒருவருக்கு இணையதளம் செய்யத் தெரியும் என்று வெளியே தெரிந்தால் போதும், ஆறு மாதத்துக்குள் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள். அம்மாப்பேட்டையில் ஒரு படிப்பகம், ரத்ததானக் குழு, தெருநாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் நண்பர்கள், ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை என்று யாராகவும் இருக்கலாம். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்தானே படிக்கிறீங்க, நமக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுங்களேன்" என்பார்கள். மறுக்க மனம் வராது. மறுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

நான் இரண்டாம் ஆண்டில் இப்படித் தொடங்கினேன். படிப்பு முடிந்தபோது மூன்று தளங்களை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். இடையில் டிபிஎம்எஸ் எனும் தரவுத்தளப் பாடத்தில் ஓர் அரியர் விழுந்தது. வேலைக்கு ஒரு முடிவு தேதி வைக்காமல் இறங்கியதுதான் காரணம். கூலி வாங்குகிற வேலைக்குக்கூட 'இத்தோடு முடிந்தது' என்று ஓர் எல்லை உண்டு. அன்பால் செய்கிற வேலைக்கு அந்த எல்லையை நாமேதான் போட வேண்டும். அதை எப்படிப் போடுவது என்பதுதான் கீழே வருவது எல்லாம்.

படி 1: முதலில் காலண்டர், அப்புறம்தான் கோடு (நிரல்)

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் கல்லூரி தரும் அகாடமிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் தேர்வு நாட்கள், லேப் ரெக்கார்டு ஒப்படைக்கும் நாள், மாடல் லேப், செமஸ்டர் தேர்வு தொடங்கும் நாள் ஆகியவற்றைச் சிவப்பில் குறியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும், உங்கள் கல்லூரியில் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்னலுக்கு இவ்வளவு எடை இருக்கும்போது கடைசி மாதத்தில் படித்துப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு தப்பாகும். வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதும் மனதில் இருக்கட்டும். 'நிகழ்ச்சிக்கு வந்து போட்டோ எடுங்க' என்று வேலை நாளில் கூப்பிடுவார்கள். சைட் செய்பவர் போட்டோகிராபர் இல்லை என்று அன்போடு சொல்லிவிடலாம்.

ஊர்க் காலண்டரையும் சேர்த்துக் குறியுங்கள். ஆடியில் சேலமே கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்கும். அறக்கட்டளைக்காரர்களைப் பிடிக்க முடியாது, அவர்களிடமிருந்து எதுவும் வராது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நேரம், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நிற்கும். வடகிழக்குப் பருவமழை வரும்போது மலையில் கரண்டும் சிக்னலும் போகும், கீழே நமக்குத் தேர்வும் நெருங்கும். 'நவம்பர் கடைசியில் சைட்டைத் திறப்போம்' என்று யாராவது சொன்னால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். மலை வேலைக்கு ஆடிப் பண்டிகை நாட்கள் நீங்கலாக ஜூலை முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி முதல் மார்ச் வரையும்தான் நல்ல நேரம்.

படி 2: வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

இதற்கு நம் கல்லூரிகளிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்எஸ்எஸ், ஒரு மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையைக் கேட்கிறது. செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 30 பாட வாரம். வாரத்துக்கு 4 மணி நேரம் வருகிறது. இதைத்தான் நான் உச்ச வரம்பாக வைத்துக்கொண்டேன்.

இந்த 4 மணி நேரத்தை இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால் எதுவும் நகராது. நேற்று எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்தவே பாதி நேரம் போய்விடும். எனக்கு புதன் இரவும் ஞாயிறு காலையும் ஒத்துவந்தன. ஒவ்வொரு அமர்வின் கடைசி பத்து நிமிடத்தில், அடுத்த முறை செய்ய வேண்டிய முதல் காரியத்தை ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். 'தொடர்பு பக்கத்தில் மேப் வைக்கணும்' என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

ஐந்து பக்கத் தளம் ஒன்றை எட்டு வாரத்தில், அதாவது ஏறக்குறைய 32 மணி நேரத்தில் முடிக்கலாம். என் அனுபவத்தில் கோடு எழுதுவதற்கு அதில் பாதிகூட ஆகவில்லை. மீதியெல்லாம் எழுத்தும் படமும் கேட்டு வாங்குவதில் போனது.

படி 3: நேரில் போய்ப் பாருங்கள், ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரே சமயத்தில் ஒரே அமைப்புதான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். அந்த மாலை வகுப்புக்காக நான் ஏற்காடு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னும் உள்ளே போனபோதுதான் ஒன்று புரிந்தது. கிராமத்தில் யாரும் அந்தத் தளத்தைப் பார்க்கப்போவதில்லை. கீழே சேலத்தில் இருந்துகொண்டு நோட்டும் பையும் வாங்கித் தருகிறவர்களும், வார இறுதியில் பாடம் எடுக்க வர விரும்புகிறவர்களும்தான் பார்ப்பார்கள். நான் மனதில் போட்டிருந்த பத்துப் பக்கம் மூன்றாகச் சுருங்கியது: என்ன செய்கிறோம், எப்படி வருவது, யாரைக் கேட்பது. அந்த ஒரு பயணம் எனக்கு இரண்டு மாத வேலையை மிச்சப்படுத்தியது.

திரும்பி வந்ததும் ஒரு தாளில், தமிழில், இவற்றை எழுதிக் கொடுங்கள். எத்தனை பக்கம். எழுத்தும் படமும் எந்தத் தேதிக்குள் அவர்கள் தர வேண்டும். எந்தத் தேதியில் தளம் திறக்கும். எந்த வாரங்களில் நீங்கள் தொடவே மாட்டீர்கள். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, பணம் கட்டுவது யார். எந்த மாதத்தோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. பெரியவர்களிடம் தாளை நீட்டக் கூச்சமாக இருக்கும். நான் அந்த அறக்கட்டளையை நடத்தும் அக்காவிடம், "அக்கா, பரீட்சை நேரத்துல நான் காணாமப் போயிட்டா நீங்க சிரமப்படக் கூடாது, அதுக்குத்தான் எழுதித் தர்றேன்" என்றேன். "இதை முதல்லயே சொல்ற ஆளு நீதான் தம்பி, வர்றவங்க பாதியில போயிடுவாங்க" என்றார். அவருக்கு அந்தத் தாள் மரியாதைக் குறைவாகவே தெரியவில்லை.

படி 4: தொழில்நுட்பத்தைச் சின்னதாகத் தேர்ந்தெடுங்கள்

என் அரியரின் கதை இங்கேதான் வருகிறது. ரத்ததானக் குழுவுக்கு பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் வைத்து, லாகின், அட்மின் பக்கம் எல்லாம் சேர்த்து ஒரு பதிவுத் தளம் எழுதினேன். வகுப்பில் படித்ததை எல்லாம் அதில் போட்டுப் பார்க்க ஆசை. ஸ்டடி ஹாலிடேஸில், டிபிஎம்எஸ் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், ஸ்பேம் பாட்கள் அந்தப் படிவத்தில் ஆயிரக்கணக்கான குப்பைப் பதிவுகளை நிரப்பின. ஹோஸ்டிங் கணக்கு முடக்கப்பட்டது. இரண்டு இரவு அதோடு போராடினேன். மூன்றாம் நாள் தேர்வு மண்டபத்தில் நார்மலைசேஷன் கேள்விக்கு முன்னால் வெறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த செமஸ்டரில் அதை ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் உள்ள ஸ்டாட்டிக் தளமாக, அதாவது சர்வரில் நிரல் எதுவும் ஓடாத தளமாக, மாற்றினேன். பதிவுக்கு ஒரு கூகுள் ஃபார்ம், அது சேரும் ஷீட்டைப் பார்க்க இரண்டு பொறுப்பாளர்களுக்கு மட்டும் அனுமதி. அதன்பிறகு ஒரு இரவும் அதற்காக விழித்ததில்லை.

சர்வரில் ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு உண்டு. வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான், ஆனால் பிளக்இன்களை அப்டேட் செய்ய ஆள் இல்லாத இடத்தில் அது திறந்த கதவாகிவிடும். நிகழ்ச்சி அறிவிப்பு மட்டும் மாறும் தளத்துக்கு ஸ்டாட்டிக் போதும். நிரல் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் 'பேஜஸ்' சேவையில் இலவசமாகவே வைக்கலாம். ஒரு தளம் 1 ஜிபி வரை, மாதத்துக்கு 100 ஜிபி வரை போக்குவரத்து என்பது அவர்கள் சொல்லும் அளவு, படிப்பகத்துக்கும் அறக்கட்டளைக்கும் தாராளம். பாதுகாப்பான இணைப்பான ஹெச்டிடிபிஎஸ் தானாகவே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ரெப்போ, அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் கிடங்கு, பொதுவில் இருக்க வேண்டும், உள்ளே இருப்பதை எல்லோரும் படிக்கலாம். அதனால் பாஸ்வேர்டு, தொலைபேசிப் பட்டியல் எதையும் அதில் வைக்காதீர்கள். அழித்து மறுபடி கமிட் செய்தாலும் (மாற்றத்தைப் பதிந்தாலும்) பழைய கமிட்டில் அப்படியே இருக்கும்.

டொமைன் அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் பதிவாகட்டும். மாணவர் சலுகையில் கிடைக்கும் இலவச டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் காலாவதி உள்ளவை. உங்கள் படிப்பு முடியும் நாளில் அவர்கள் முகவரியும் முடிந்துவிடக் கூடாது.

படி 5: தளத்தையே பாடத்தின் லேபாக மாற்றுங்கள்

இரண்டு வேலையையும் இரண்டாகவே வைத்திருந்தால் ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்னும். தன்னார்வ வேலையில் வரும் சிக்கலைப் பாடத்தோடு முடிச்சுப் போட்டால் அந்த 4 மணி நேரத்தில் பாதி படிப்பாகவே ஆகிவிடும். தமிழ்த் தளம் செய்கிறவர்களுக்கு இது இன்னும் வசதி. நம் எழுத்தே ஒரு நல்ல பாடப்புத்தகம்.

'சேலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 5 குறியெண்கள். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் நீளம் கேட்டால் 5 என்று வரும். அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே சி மொழியில் ஸ்ட்ரிங் நீளம் கேட்டால் 15. லேபில் எழுதுகிற ஸ்ட்ரிங் ரிவர்ஸ் நிரலில் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், புள்ளி முன்னால் வந்து தனியாக நிற்கும். செய்திச் சுருக்கத்துக்கு 'முதல் 40 எழுத்து' என்று வெட்டினாலும் இதே கதைதான். வெட்டு தப்பான இடத்தில் விழுந்தால் 'கோ' என்பது 'க' ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டில் செக்மென்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. அது நாம் எண்ணுவது போலவே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.

அப்புறம் வரிசை. பிள்ளைகளின் கிராமப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னார்கள். சாதாரண சார்ட் போட்டால் குறியெண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் ற-வும் ன-வும் கடைசியில் வரும், ஜ அதற்கும் பின்னால். ஒப்பிடும் ஃபங்ஷனில் தமிழ் மொழி விதியைக் கேட்கும்படி எழுத வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் 'கம்பேரட்டர்' என்று வெறுமனே கேட்ட சொல் அன்றைக்குத்தான் எனக்குப் பொருளோடு உள்ளே இறங்கியது.

எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது பழைய எழுத்துரு. அமைப்புகளிடம் இருக்கும் ஆண்டறிக்கை, நோட்டீஸ் எல்லாம் அச்சகத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுதத் தொடங்கினால் இரண்டு முடிச்சு வரும். முதலாவது, நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். குட்டியை முதலில் மாற்றிவிட்டால் பெரியது உடைந்துபோகும். கம்பைலர் பாடத்தில், நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் லெக்ஸர் எப்போதும் மிக நீளமான பொருத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் என்று படிப்போமே, அதே விதிதான். இரண்டாவது, பழைய எழுத்துருவில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று அடிப்பார்கள். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. ஆக, கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்து, காலோடு சேர்க்க வேண்டும். இதற்கென்று தயாரான மாற்றிகள் இருக்கின்றன, அவசரத்துக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் விடுமுறையில் ஒரு முறை நீங்களே எழுதிப் பாருங்கள். கம்பைலர் டிசைனின் முதல் யூனிட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நெட்வொர்க்ஸ் பாடத்துக்குப் படங்கள் இருக்கின்றன. மொபைலில் எடுத்த 4 எம்பி படம் பன்னிரண்டை அப்படியே பக்கத்தில் போட்டால் 48 எம்பி, அதாவது 384 மெகாபிட். மலையில் விநாடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைத்தால் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) பட வடிவத்தில் ஒவ்வொன்றையும் 100 கேபி அளவுக்குக் கொண்டுவந்தால் பத்து விநாடி. பைட்டுக்கும் பிட்டுக்கும் எட்டு மடங்கு என்பதை இதற்குப் பிறகு எந்தத் தேர்விலும் மறக்க மாட்டீர்கள்.

மினி பிராஜெக்ட், ஃபைனல் இயர் பிராஜெக்ட் இரண்டுக்கும் இந்த வேலையிலிருந்தே தலைப்பு எடுக்கலாமா என்று துறை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அமைப்பிடமும் அனுமதி வாங்குங்கள்.

படி 6: மற்றவர்களின் தகவலைத் தொடும்போது

ரத்ததானக் குழுவின் முதல் பக்கத்தில் கொடையாளர்களின் பெயர், ரத்த வகை, கைபேசி எண் எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டிருந்தேன். அவசரத்தில் உதவும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் அந்தப் பட்டியலில் இருந்த கல்லூரி மாணவி ஒருவருக்கு நள்ளிரவில் தேவையில்லாத அழைப்புகள் வரத் தொடங்கின. பட்டியலை அன்றே எடுத்தேன், ரெப்போவையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினேன். ஆனால் அந்தப் பெண் தன் எண்ணையே மாற்ற வேண்டியிருந்தது. அது என் தவறு. இன்றைக்கும் உறுத்துகிறது. கொடையாளர் எண் தளத்தில் வேண்டாம். பொறுப்பாளரின் எண் ஒன்று போதும், அவர் கொடையாளரைக் கேட்டுவிட்டு இணைப்பார்.

பிள்ளைகளின் படங்களும் அப்படித்தான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மலைக் கிராமத்துப் பெற்றோர் நம்மை நம்பிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். முகம் தெரியாமல், பெயரும் ஊரும் இல்லாமல், நோட்டும் கையும் தெரிகிற படமே வேலையைச் சொல்லிவிடும்.

நன்கொடைப் பக்கம் கேட்டால் அமைப்பின் வங்கிக் கணக்கோடு இணைந்த யுபிஐ க்யூஆர் மட்டும் வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு ஒரு நாளுக்குக்கூட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பணம் பெற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். அது இல்லாமல் அப்படி ஒரு பட்டனை நீங்கள் வைத்துவிட்டால் சிக்கல் அவர்களுக்கு.

படி 7: தேர்வுக்கு முன் பூட்டு

செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளத்தைப் பூட்டுங்கள். புதிய பக்கம் இல்லை, வண்ண மாற்றம் இல்லை, 'சின்ன' வேலை எதுவும் இல்லை. பூட்டுவதற்கு முந்தைய அமர்வில் டொமைன் காலாவதி தேதியைப் பாருங்கள், படிவம் வேலை செய்கிறதா என்று ஒரு முறை நிரப்பிப் பாருங்கள், முழு நகல் ஒன்றை அமைப்பின் டிரைவில் போடுங்கள். அந்த இடைவெளியில் வரக்கூடிய நிகழ்ச்சி அறிவிப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "பரீட்சை 20-ஆம் தேதி முடியுதுங்க, 22-ஆம் தேதி கட்டாயம் பண்ணிடறேன்." தேதியோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 'பார்க்கிறேன்' என்று சொல்லிவைத்தால் மறுநாள் காலையில் மறுபடி செய்தி வரும். சொன்ன தேதியில் செய்தும் கொடுங்கள்.

படி 8: ஒப்படைப்பு

கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே இதை ஆரம்பியுங்கள். பிளேஸ்மென்ட் வந்துவிட்டால் நேரம் கிடைக்காது. முதலாம், இரண்டாம் ஆண்டில் ஆர்வமுள்ள இரண்டு பேரைச் சேருங்கள். ஒருவர் போதாது, அவருக்கும் தேர்வு வரும். ரீட்மி கோப்பை, அதாவது அடுத்து வருபவருக்கான குறிப்பை, தமிழில் எழுதுங்கள்: தளம் எங்கே இருக்கிறது, நிகழ்ச்சி சேர்ப்பது எப்படி, டொமைன் எப்போது புதுப்பிக்க வேண்டும், ஏதாவது உடைந்தால் முதலில் எதைப் பார்ப்பது.

கணக்குகளின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு யார் போனில் இருக்கிறது என்று பாருங்கள். கிட்ஹப் 2023 முதல் கோடு பங்களிப்பவர்களிடம் அதைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியது. அது உங்கள் போனிலேயே இருந்து, நீங்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் போனையும் மாற்றிவிட்டால் அந்தத் தளத்தை யாராலும் தொட முடியாது. மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து அமைப்பின் பைலில் வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூனியரை அவருடைய லேப்டாப்போடு உட்கார வைத்து, ரீட்மியை மட்டும் பார்த்து ஒரு நிகழ்ச்சி அறிவிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துவைத்து, அன்று மாலையே ரீட்மியில் அந்த வரியைத் திருத்துங்கள். எங்கள் படிப்பகத் தளத்தில் அந்தத் தம்பி ஏழு இடத்தில் நின்றார். அடுத்த ஞாயிறு அதே வேலையை அவருடைய தோழியிடம் கொடுத்தேன், பதினைந்து நிமிடத்தில் அறிவிப்பு தளத்தில் வந்துவிட்டது. அன்றிரவே என் கணக்கை அந்த ரெப்போவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.